சேவலும் சனிக்கிழமை இங்கிலீஷும்

அவசரப்பட்டு அடுத்தவர்மேல் பழி போடுவதற்கு இங்கிலீஷில் எத்தனை பேச்சு இருக்கிறது என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஜம்ப் டு கன்க்ளூஷன்ஸ் என்றால் யோசிக்காமல் முடிவுக்குத் தாவிவிடுவது. ஜம்ப் த கன் என்றால் ஓட்டப்பந்தயத்தில் துப்பாக்கி வெடிப்பதற்குள் ஓடிவிடுவது. பாயின்ட் த ஃபிங்கர், விரலை நீட்டிக் குற்றம் சொல்வது. பார்க்கிங் அப் த ராங் ட்ரீ என்பது பூனை ஒரு மரத்தில் இருக்க, நாய் இன்னொரு மரத்தைப் பார்த்துக் குரைப்பது. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள் நான். கணக்கு போயிற்று, அறிவியல் போயிற்று, தமிழில்கூட மனப்பாடப் பகுதி எல்லாம் போயிற்று. இது மட்டும் போகமாட்டேன் என்கிறது.

நம்மிடம் இல்லாததா? பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்கிறோம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்கிறோம். இரண்டு பாஷையிலும் இவ்வளவு சொல்லிவைத்தும், ஒரு சேவல் காணாமல் போனால் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று பாருங்கள். நினைத்தால் இப்போதும் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் புதுப்பட்டினத்தில் எங்கள் வீடு. அப்பா அப்போது சவுதியில் இருந்தார். வீட்டுக்குப் பெரியவர் பெரியப்பா. அணுமின் நிலைய டவுன்ஷிப்பில் நிரந்தர வேலை, காலையில் ஸ்டாஃப் பஸ், மாலையில் ஸ்டாஃப் பஸ். எங்கள் குடும்பத்தில் வயல் சேற்றில் கால் வைக்காமல் சம்பளம் வாங்கிய முதல் ஆள். ஒரு பதவி உயர்வு நேர்முகத்தில் யாரோ ஒரு அதிகாரி இங்கிலீஷில் ஏதோ மரபுத்தொடர் சொல்ல, இவர் அதை நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டு பதில் சொல்ல, எதிரே இருந்தவர்கள் சிரித்துவிட்டார்களாம். அன்றிலிருந்து எங்களுக்குச் சனி பிடித்தது. சனிக்கிழமைதோறும் பெரியப்பாவின் இரண்டு பையன்களையும் என்னையும் ஹாலில் உட்காரவைத்து இங்கிலீஷ் மரபுத்தொடர் வகுப்பு நடத்துவார். பாரிமுனை நடைபாதையில் வாங்கிய ஒரு தடி புத்தகம். வாரம் ஒரு தலைப்பு. வாய்விட்டுக் கத்திச் சொல்ல வேண்டும். கத்தினால்தான் மூளையில் உட்காரும் என்பது அவர் கட்சி.

வீட்டில் இன்னொரு ஆள் என் மாமா, அம்மாவின் தம்பி. டவுன்ஷிப் குவார்ட்டர்ஸுக்கு வெள்ளை அடிக்கிற கான்ட்ராக்டரிடம் பெயின்ட்டர். பெரியப்பா வீட்டில், அக்காவின் கணவரும் ஊரில் இல்லாத நேரத்தில், தங்கிச் சாப்பிடுகிற மைத்துனன். அதாவது, எது காணாமல் போனாலும் முதலில் திரும்பிப் பார்க்கப்படுகிற இடம். டார்ச் லைட் காணவில்லையா, "உன் தம்பியைக் கேளு" என்பார் பெரியம்மா. டார்ச் கட்டிலடியில் கிடைக்கும். கிடைத்ததை யாரும் மாமாவிடம் போய்ச் சொன்னதில்லை.

நான் அப்போது ஆறாவது. அந்த வயதிலேயே கவலைக்காரி. காஸ் வாடை வருகிறது என்பேன், பாலில் பல்லி விழுந்திருக்கும் என்பேன், ஸ்டாஃப் பஸ் கவிழ்ந்திருந்தால் என்ன செய்வது என்று பெரியப்பா வீடு திரும்பும்வரை கேட்டில் நிற்பேன். பத்து தடவையில் ஒன்பது தடவை ஒன்றும் இருக்காது. அதனால் நான் வாயைத் திறந்தாலே வீட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் போய்விடுவார்கள்.

அந்த வருடம் எங்கள் கிறிஸ்தவக் கோயிலின் அறுப்பின் பண்டிகைக்கென்று ஒரு சேவலை நேர்ந்து விட்டிருந்தோம். செவலைச் சேவல், கழுத்தில் பொன்னிறம், மூன்று வீட்டுக்குக் கேட்கிற குரல். பண்டிகை ஞாயிறு அன்று ஆராதனை முடிந்ததும் காணிக்கைகளை ஏலம் விடுவார்கள். பூசணிக்காய், வாழைத்தார், கோழி எல்லாம் கடையில் விற்கிற விலைக்குச் சம்பந்தமில்லாமல் ஏறும். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னொரு முக்கியமும் இருந்தது. கடப்பாக்கத்திலிருந்து பெண் வீட்டார் வருகிறார்கள். பெண் பார்க்க அல்ல, பையனைப் பார்க்க. கோயிலில் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து மாமாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் ஏலம் முடிந்து வீட்டுக்கு வந்து காபி குடிப்பதாக ஏற்பாடு. எதிர்வீட்டு அக்காதான் இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர், பெண்ணுக்குத் தூரத்து உறவு, மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் வேலை. மாமாவுக்கு முன்னால் இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது, சொந்த வீடு இல்லை என்று. இது எப்படியும் அமைந்துவிட வேண்டும் என்று அம்மா இரண்டு வாரமாக உபவாசம் இருந்தார். மாமா செங்கல்பட்டுக்குப் போய் ஆகாயநீலத்தில் ஒரு சட்டை எடுத்துவந்து, குத்திய குண்டூசிகூடக் கழற்றாமல் ஆணியில் மாட்டி வைத்திருந்தார்.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. பண்டிகைக்கு முந்தின நாள் வாலிபர் சங்கத்துப் பையன்கள் மீன்பாடி வண்டியோடு தெருத்தெருவாக வருவார்கள், ஒருவன் தப்பட்டையைத் தட்டிக்கொண்டு. வாசலில் வைத்திருப்பது கர்த்தருக்கு. யாரையும் கேட்கமாட்டார்கள், எடுத்து வண்டியில் போட்டுக்கொண்டு போய்க்கொண்டே இருப்பார்கள். கோயிலுக்கு வராத வீடுகளில்கூட அன்றைக்கு ஒரு பரங்கிக்காயை வெளியே வைப்பார்கள். மீன் மார்க்கெட் பக்கம் தொடங்கி, எங்கள் தெருவுக்கு வர எப்போதும் சாயங்காலம் ஆகிவிடும்.

சனிக்கிழமை காலையில் பெரியப்பா சேவலை மாடிப்படிக்கு அடியில் வைத்து, நாளைக்குக் கோயிலில் பறந்து மானத்தை வாங்கிவிடக் கூடாது என்று ஒரு பக்க இறக்கையைக் கத்திரியால் கத்தரித்தார். ஷாம்பு பாக்கெட்டைப் பிரித்து அதைக் குளிப்பாட்டினார். பிறகு, வெயிலில் காயட்டும் என்று அவர் கையாலேயே வாசல் கேட்டில் நைலான் கயிறு போட்டுக் கட்டினார். நான் பக்கத்தில் நின்று, நாய் வரும் பெரியப்பா, காக்கா கொத்தும் பெரியப்பா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வெயில்கூட நிற்காது போலிருக்கிறது, மேகம் வருகிறது என்றும் சொன்னேன். "நீ மொதல்ல உள்ள வா. கிளாசுக்கு டைமாவுது" என்றார்.

அன்றைய தலைப்புதான் அது. அவசரப்பட்டுப் பழி சுமத்துதல். அன்று கிவ் எ டாக் எ பேட் நேம் என்று புதிதாக ஒன்றும் வந்தது. நாய்க்குக் கெட்ட பெயரை வைத்துவிட்டால் போதும், அதைத் தூக்கில் போட்ட மாதிரிதான் என்று விளக்கினார். சமையலறையில் கிரைண்டரில் மாவு அரைத்துக்கொண்டிருந்த அம்மா, "அந்த ஊர்ல நாயத் தூக்குல வேற போடுவாங்களா?" என்று கேட்டார்.

"மரபுத்தொடர் புள்ள. நேரா எடுத்துக்கக் கூடாது."

"நாயிக்கு அது எப்டி தெரியும்?"

பெரியப்பா புத்தகத்தைப் புரட்டினார். எங்களைப் பார்த்து, "ம், கத்துங்க" என்றார். கத்தினோம். மின்விசிறி கடகடக்க, கிரைண்டர் உறும, பெரியம்மா உள்ளறையில் டிவி பார்க்க, டோன்ட் ஜம்ப் டு கன்க்ளூஷன்ஸ் என்று மூன்று பேரும் தொண்டை கிழியக் கத்தினோம்.

வகுப்பு முடிந்து வெளியே வந்தால் கேட்டில் கயிறு மட்டும் தொங்கியது. அறுந்த கயிறு இல்லை, சுத்தமாக வெட்டிய கயிறு.

பெரியப்பா கயிற்றின் நுனியைக் கையில் எடுத்துப் பார்த்தார். எந்த வேலையிலும் அவ்வளவு நிதானமாக அவரை நான் பார்த்ததில்லை. "இது கத்தி வேல" என்றார். பெரியம்மா தெருவின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆரையும் போய்க் கேக்காதீங்க. நேந்துகிட்ட சேவல தொலச்சிட்டாங்கன்னு ஊரே சிரிக்கும்" என்றார். எதிர்வீட்டு அக்கா வேலைக்குப் போயிருந்தார். பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கேட்கவில்லை. கேட்பது கேவலம். ஆனால் அதற்குப் பிறகு அவர்கள் போட்ட கூச்சல் கேவலம் இல்லை போலிருக்கிறது.

மாடிப்படிக்கு அடியில்தான் மாமா பாய் விரித்துப் படுப்பது. பெரியம்மா அங்கே குனிந்து, பாயின் ஓரத்திலிருந்து மூன்று செவலை இறகுகளை எடுத்துவந்து பெரியப்பாவின் கையில் வைத்தார்.

"பெரியப்பா, அது காலைல நீங்க வெட்டிப் போட்டது" என்றேன்.

"நான் வெட்டுனது ரெக்கை. இது இறகு" என்றார் பெரியப்பா.

இப்படி ஒரு பதிலுக்கு யார் என்ன சொல்ல முடியும்? அம்மா ஏதோ சொல்ல வந்தார். "அவன் போன வாரமே சொன்னான்ல? ஏலத்துக்குப் போயி வேஸ்ட்டாவுறதுக்கு, மொளகு போட்டு வறுத்தா எப்டி இருக்கும்னு" என்று பெரியம்மா அதை மறித்தார். மாமா சொன்னது உண்மைதான். அந்தச் சேவலைப் பார்த்து அப்படிச் சொல்லாத ஆள் எங்கள் தெருவிலேயே கிடையாது, போதகர் உட்பட.

மழை லேசாகப் பிடித்துக்கொண்டது. மாமா நாலு மணிக்கு மேல் சைக்கிளில் வந்து இறங்கினார். வாயோரம் எண்ணெய் மினுமினுத்தது, சட்டையில் சிக்கன் பகோடா வாசனை. எல்லோரும் அந்த வாயைத்தான் பார்த்தார்கள். தலைமுடி புதிதாக வெட்டியிருந்ததையும், பின்கழுத்தில் சலூன் பவுடர் இன்னும் வெள்ளையாகத் திட்டுத்திட்டாக இருந்ததையும் ஒருவரும் பார்க்கவில்லை. சனிக்கிழமை சலூனில் எவ்வளவு கூட்டம் இருக்கும், எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாதவர்களா அவர்கள்?

"சேவலு எங்க?" என்றார் பெரியப்பா.

"இன்னா அண்ணாத்த, என்னக் கேக்கறீங்க? கேட்லதான கட்டினீங்க."

"செவுத்துக்குப் பட்டி தேய்க்கற கத்தி உங்கிட்டதான கீது?"

"ஆமா, பெயின்ட்டர் கைல பட்டிக் கத்தி இல்லாம இன்னா இருக்கும்?"

"துன்னவன் வாயே சொல்லுது" என்றார் பெரியம்மா.

மாமாவுக்கு அப்போதுதான் புரிந்தது. கையால் வாயைத் துடைத்தார். அது வேறு தப்பாகப் போயிற்று. "கோயிலுக்கு நேந்து வுட்டத துன்றவனா நானு? நாளைக்கு எனக்குன்னு ஆளு வராங்க, இன்னிக்குப் போயி இந்த வேல செய்வனா?" என்றார். குரல் ஏறியது. பெரியப்பாவின் குரல் அதைவிட ஏறியது. திருடன் என்ற சொல் மழையையும் தாண்டித் தெருவுக்குப் போனது.

அந்த நேரத்தில் பெரியப்பாவின் சின்னப் பையன், வகுப்பில் எப்போதும் தூங்குகிறவன், அன்று பார்த்து விழித்துக்கொண்டான். "அப்பா, ஜம்ப் டு கன்க்ளூஷன்ஸ்னா இதான?" என்று கேட்டான். வருடம் முழுக்க அவன் சொன்ன ஒரே சரியான விடை அது. முதுகில் பளீரென்று ஒன்று வைத்தார் பெரியப்பா.

மாமா பையை எடுத்தார். அம்மா கையைப் பிடித்து, "நாளைக்கு அவுங்க வராங்கடா" என்றார். "திருடனப் பாக்கவா வராங்க?" என்று கையை உருவிக்கொண்டு போனார். எதிர்வீட்டு அக்கா வேலை முடிந்து குடையோடு அப்போதுதான் தன் வீட்டுக் கேட்டைத் திறந்துகொண்டிருந்தார். நனைந்துகொண்டே பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் மாமாவைப் பார்த்தார். பிறகு எங்கள் வீட்டைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் உள்ளே போனார். ஆணியில் நீலச் சட்டை அப்படியே தொங்கியது.

மறுநாள் கோயிலுக்குப் போனோம். நேர்ந்ததற்கு ஏதாவது கொடுக்க வேண்டுமே என்று பெரியப்பா விடிகாலையில் ஒரு பிராய்லர் கோழி வாங்கியிருந்தார். அது நடக்கக்கூடத் தெம்பில்லாமல் பைக்குள் உட்கார்ந்திருந்தது. ஆல்டர் பீடத்துக்கு முன்னால் கரும்பும் வாழைத்தாரும் பூசணியும் குவிந்திருந்தன. பிரசங்கம் பாதியில் இருக்கும்போது அந்தக் குவியலுக்குப் பின்னாலிருந்து மூன்று வீட்டுக்குக் கேட்கிற குரலில் ஒரு கூவல் எழுந்தது. நான் அம்மாவின் முந்தானையை இழுத்தேன். பரங்கிக்காய்க்கு மேல் ஏறி நின்றது, செவலை, பொன்னிறக் கழுத்து, ஒரு பக்க இறக்கை குட்டை.

கோயிலுக்குள் சேவல் கூவினால் ஒரு கிறிஸ்தவனுக்கு, சேவல் கூவுமுன் மூன்று தடவை குருவையே தெரியாது என்று சொல்லிவிட்டு அழுத சீடன் ஞாபகம் வர வேண்டும், பெரியப்பாவுக்கு வரவில்லை. அவர் பெரியம்மாவின் பக்கம் சாய்ந்து, "பாத்தியா. துன்னல, வித்துக்கீறான். வாங்குனவன் காணிக்கையா வெச்சிக்கீறான்" என்றார்.

ஆராதனை முடிந்ததும் வாலிபர் சங்கத்துப் பையனைப் பிடித்து, யார் கொடுத்தது என்று கேட்டார். அவன் விழித்தான். "உங்க வூட்டுதுதான் அண்ணே. நேத்து மத்தியானமே எடுத்தாந்துட்டோம். மழ வர மாரி இருந்திச்சா, உங்க தெருவுலேர்ந்து ஆரம்பிச்சிட்டோம். முடிச்சி அவுக்க வரல, அறுத்துட்டோம். கூப்ட்டுப் பாத்தோம். உள்ள பசங்க இங்கிலீஷ்ல கத்திக்கினு இருந்தாங்க."

பெரியப்பா சேவலின் கத்தரித்த இறக்கையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு, "சொல்லிட்டு எடுக்க வேணாமா?" என்றார்.

"எந்த வருசம்ணே சொல்லிட்டு எடுத்தோம்?"

"அந்தக் கிரைண்டர் சத்தம். அது மட்டும் இல்லேன்னா தப்பட்ட கேட்டிருக்கும்" என்றார் அம்மாவைப் பார்த்து. பழியைக் கீழே வைக்க அவருக்குத் தெரியவே இல்லை. ஒருவர் தோளிலிருந்து எடுத்தால் உடனே இன்னொருவர் தோளில் வைக்க வேண்டும். அம்மா அவர் பேச்சைக் காதில் வாங்காமல் கடைசி பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆராதனை தொடங்கும்போது அங்கே எதிர்வீட்டு அக்காவோடு பட்டுப்புடவையில் ஒரு அம்மாளும் வெள்ளை வேட்டியில் ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். இப்போது பெஞ்ச் காலியாக இருந்தது.

ஏலத்தில் எங்கள் சேவலை நாங்களே எடுத்தோம். பெரியப்பா யாரையும் விடாமல் ஏற்றிக்கொண்டே போனார். ஜனங்கள் கை தட்டினார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். சேவல் கிடைத்துவிட்டது, மாமா எடுக்கவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, இனி என்ன இருக்கிறது?

மத்தியானமே பெரியப்பாவும் அம்மாவும் மாமாவை அழைத்துவரச் செங்கல்பட்டுக்குக் கிளம்பினார்கள். பஸ் கவிழ்ந்துவிடும் என்று நான் அழுததில் என்னையும் கூட்டிப்போனார்கள். அம்மா நினைத்த மாதிரியே, ரயில்வே கேட்டுக்குப் பின்னால் ஒரு சிநேகிதனின் அறையில் மாமா லுங்கியோடு உட்கார்ந்திருந்தார். பெரியப்பா வாசலில் நின்று தொண்டையைச் செருமினார்.

"மச்சான், இங்கிலீஷ்ல ஒண்ணு சொல்லுவாங்க..."

"இங்கிலீஷ்ல வேணாம்" என்றார் அம்மா. என் அம்மா அவரிடம் அப்படிப் பேசி நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. "தமிழ்ல சொல்லுங்க."

பெரியப்பா தமிழில் சொல்லப் பார்த்தார். அத்தனை மரபுத்தொடர் தெரிந்த மனிதருக்கு ஒரு சின்ன வார்த்தை வரவில்லை. கடைசியில், "டீ குடிக்கலாம், வா" என்றார்.

"வுடுங்க அண்ணாத்த. சேவலு கெட்ச்சிதில்ல" என்று மாமா சிரித்தார். டீ குடித்தார். பன்னும் தின்றார். எங்களோடு பஸ் ஏறினார். எனக்கு எல்லாம் சரியாகிவிட்டது.

வீட்டு வாசலில் எதிர்வீட்டு அக்கா நின்றார். அம்மா ஓடிப்போய்ச் சேவல் கதையை ஒன்றுவிடாமல் சொன்னார். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "எனக்குப் புரியுது க்கா. அவுங்களுக்குத்தான்... ராத்திரியே நான் போன்ல இந்த மாதிரி ஏதோ தகராறுன்னு சொல்லிட்டேன். பையனும் கோயிலுக்கு வரல. வேற ஒரு எடம் பாத்துகினு கீறாங்களாம்" என்றார். மாமா அதைக் கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். வேறு ஒரு இடம் என்றால் பையனைப் பார்க்க வேறு ஒரு இடம் என்று நான் நினைத்துக்கொண்டேன். கோயிலில் கூட்டம் அதிகம், சரிதான்.

இரவு சேவல் குழம்பானது. மிளகு போட்டு வறுவலும் செய்தார் பெரியம்மா. தொடைக்கறியைத் தேடி எடுத்து மாமாவின் தட்டில் அவரே வைத்தார். மாமா அதை என் தட்டுக்கு மாற்றிவிட்டு ரசம் ஊற்றிக்கொண்டார். பல்வலியாக இருக்குமோ என்று கேட்டேன். "ஆமாடி, பல்லுவலி" என்றார்.

திங்கட்கிழமை காலையில் மாமா வேலைக்குக் கிளம்பும்போது பார்த்தேன். பழைய பெயின்ட் சட்டை கொடியில் கிடந்தது. அவர் ஆணியிலிருந்து நீலச் சட்டையை எடுத்து, குண்டூசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்துவிட்டு, அதை மாட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, அது புதுச் சட்டை. பெயின்ட்டு பட்டுடும். நல்ல நாளைக்குப் போட்டுக்கலாம்ல?"

"இன்னிக்கும் நல்ல நாளுதான்" என்று பட்டிக் கத்தியைப் பைக்குள் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

எனக்கானால் ஆத்திரமாக வந்தது. இவ்வளவு பெரிய ஆளுக்கு இதுகூடத் தெரியாதா? பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு பாடமும் ஏறவில்லை. அன்று குவார்ட்டர்ஸில் என்ன கலர் அடிக்கிறார்களோ, நீலத்தில் வெள்ளை பட்டால் தெரியுமா, பச்சை பட்டால் என்ன செய்வது என்று பெல் அடிக்கும்வரை அதே நினைப்பு. வீட்டுக்கு ஓடிவந்து, பையைக்கூட இறக்காமல், சமையலறையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றிருந்த அம்மாவிடம், பெயின்ட் கறைக்கு மண்ணெண்ணெய் போட்டால் போகுமா, வேறு ஏதாவது போட வேண்டுமா என்று கேட்டேன்.